சொல்லும் பொருளும்: ‘ஸ்க்ராட்’ என்பது எந்த மீன்?

 

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில் மாசசூசெட்ஸ் என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகர் பாஸ்டன். கல்விக்கும் கப்பலுக்கும் மீனுக்கும் பெயர் பெற்ற பழைய துறைமுக நகரம் அது. நம் சமுதாயத்துப் பிள்ளைகளுள்ளும் சிலர் மேற்படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் அந்நகரில் வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள உணவகங்களின் உணவுப் பட்டியலில் ‘ஸ்க்ராட்’ என்றொரு சொல்லைக் காணலாம். மீன் வகைகளின் வரிசையில் அச்சொல் நிற்பதால் அது ஒரு மீனின் பெயர் என்றே எவரும் எண்ணுவர். மீனியல் நூல்களைப் புரட்டிப் பார்த்தாலோ, அப்பெயருடைய மீன் இனம் எதுவும் அகப்படாது. கடலில் இல்லாத மீன் தட்டில் மட்டும் எவ்வாறு வந்தது? இம்மாதம் அச்சொல்லின் பொருளை ஆராய்வோம். சிறிய சொல்தான், ஆயினும் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் இடையிலான நம்பிக்கை பற்றி அது நமக்குச் சொல்லும் செய்தி சிறியதன்று.

இரண்டு மீன்கள்

ஸ்க்ராட் என்னும் சொல்லை அறிவதற்கு முன் இரண்டு மீன்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று காட், மற்றொன்று ஹேடக். இரண்டும் வட அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்ந்த நீரில் வாழ்பவை. இவை நம் கரையோரக் கடல்களில் கிடைப்பதில்லை. எனினும் காட் மீனை நம் இல்லங்கள் அறியாதவை அல்ல. பிள்ளைகளின் உடல் தேற வேண்டும் என்பதற்காகத் தாய்மார்கள் கட்டாயப்படுத்திக் கொடுத்த மீன் எண்ணெய் நினைவிருக்கிறதல்லவா? ‘காட் லிவர் ஆயில்’ எனப் பெயரிடப்பட்ட அந்த எண்ணெய் இம்மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவதே.

இவ்விரு மீன்களும் கொழுப்பை ஈரலில் சேமித்து வைப்பவை. ஆதலால் இவற்றின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு; நிறமும் வெண்மையாக இருக்கும். மத்தி, அயிலை போன்ற மீன்களின் கருஞ்சதையும் எண்ணெய்ப் பசையும் இவற்றில் இல்லை. வெந்தபின் சதை மடல் மடலாகப் பிரியும், வாடை குறைவு, சுவையும் மென்மையானது. பொல்லாக், ஹேக், கஸ்க் முதலியனவும் இதே போன்ற வெண்சதை மீன்களே. தோலை நீக்கித் துண்டமாக்கிவிட்டால் இவற்றுள் எது எது என்று கண்ணால் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். இச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

ஸ்க்ராட் என்பது இவ்விரு மீன்களில் ஒன்றின் இளம் பருவத்திற்கு வழங்கும் பெயர். பாஸ்டன் மீன் வணிகர்கள் காட் மீனை எடையைக் கொண்டே தரம் பிரிப்பது வழக்கம். இரண்டரை பவுண்டிற்கு, அதாவது ஏறத்தாழ 1.1 கிலோவிற்கு உட்பட்டது ‘ஸ்க்ராட்’. அதற்கு மேல் 10 பவுண்டு வரையுள்ளது ‘சந்தை மீன்’. 10 முதல் 25 பவுண்டு வரையுள்ளது ‘பெரிய மீன்’. 25 பவுண்டிற்கும் மேற்பட்டதற்கு ‘திமிங்கிலம்’ என்றே பெயர். திமிங்கிலம் என்பது அங்கே ஓர் எடைக் கணக்கேயன்றி உயிரினத்தைக் குறிப்பதன்று; அதுபோலவே ஸ்க்ராட் என்பதும் ஓர் எடைக் கணக்கு. நம் சந்தைகளில் ‘பொடிமீன்’ என்று சொல்லும்பொழுது நாம் ஓர் இனத்தைக் குறிக்கவில்லை, அளவையே குறிக்கின்றோம். ஸ்க்ராட் என்பதையும் அவ்வாறே கொள்ள வேண்டும்.

சிலர் இச்சொல்லை இரு வகையாக எழுதுவர். எழுத்துக் கூட்டலில் ‘ஹெச்’ என்னும் எழுத்து இல்லாதிருந்தால் இளங்காட் என்றும், அவ்வெழுத்தைச் சேர்த்து எழுதினால் இளஹேடக் என்றும் கொள்ள வேண்டுமாம். உச்சரிப்பில் யாதொரு வேறுபாடும் இல்லை. எழுத்தில் மட்டும் நிற்கும் இவ்வேறுபாட்டை எல்லா வணிகர்களும் பின்பற்றியதுமில்லை.

சமையலிலிருந்து வந்த பெயர்

அளவு மட்டுமே இச்சொல்லின் பொருள் என்று முடித்துவிடுவதற்கில்லை. பழங்காலத்தில் ஒரு சமையல் முறையும் இதனுள் அடங்கியிருந்தது. இளமீனை இரண்டாகப் பிளந்து, நடுமுள்ளை அகற்றி, சிறிதளவு உப்புத் தூவி வைத்திருந்து, பின்னர் தணலில் வாட்டி, வெண்ணெய் தடவிப் பரிமாறுவர். இவ்வாறு பிளந்து பக்குவப்படுத்திய இளமீனுக்கே ஸ்க்ராட் என்று பெயர். ஆகவே இனம், பருவம், பக்குவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே உணர்த்திய சொல் இது.

சொல்லின் வேர் யாது? அமெரிக்க அகராதிகள் இச்சொல் எழுத்தில் முதன்முதல் காணப்பட்ட ஆண்டாக 1841ஐக் குறிக்கின்றன. வேரைப் பற்றி இருவிதக் கருத்துகள் உள்ளன. டச்சு மொழியில் வெட்டி எடுத்த துண்டைக் குறிக்கும் ‘ஸ்க்ரோட்’ போன்றதொரு பழஞ்சொல் உண்டு. அதிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது ஒன்று. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கார்ன்வால் வட்டார வழக்கில், மீனைப் பிளந்து சற்றே உலர்த்தி வாட்டுவதைக் குறிக்கும் ‘ஸ்க்ரா’ என்னும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது மற்றொன்று. கருவாட்டைப் பிளக்கும் முறையை அறிந்த நமக்கு இவ்விரண்டாம் கருத்து எளிதில் விளங்கும். இரண்டில் எதனை ஏற்றுக்கொண்டாலும் பிளத்தல் அல்லது வெட்டுதல் என்னும் செயலே சொல்லின் அடியில் நிற்கின்றது என்பதை நோக்குங்கள்.

டச்சுச் சொல் அமெரிக்க ஆங்கிலத்தில் எவ்வாறு புகுந்தது என ஐயுற வேண்டியதில்லை. இன்றைய நியூயார்க் நகரம் 1664 வரை டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்தது. நாம் அன்றாடம் கேட்கும் ‘பாஸ்’ என்பதும், பிள்ளைகள் விரும்பும் ‘குக்கி’ என்பதும் டச்சு மொழி ஆங்கிலத்திற்கு ஈந்தவையே. தமிழும் இதற்கு விலக்கன்று. 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய அதே டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயரே நம் வழக்கில் ‘துட்டு’ என நிலைத்தது என்பர்.

கட்டிவிட்ட கதைகள்

அகராதிகள் இவ்வாறு கூறினும், பாஸ்டன் மக்கள் வாயில் வழங்குபவை வேறு கதைகள். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே காண்போம்.

முதற்கதை: ஸ்க்ராட் என்பது ஒரு சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயராம். ‘துறை மேடையில் எஞ்சிய சிறிய காட்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் என்பர் சிலர். ‘மாலுமிகள் பிடித்து மேல்தளத்தில் ஏற்றியது’ என்னும் பொருள்படும் தொடர் என்பர் வேறு சிலர். ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று விரிவுகள் கூறப்படுவதே, அவை பின்னாளில் இட்டுக்கட்டப்பட்டவை என்பதற்குப் போதிய சான்று. முதலெழுத்துகளைச் சேர்த்துப் புதுச்சொல் செய்யும் வழக்கம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிற்குரியது. 1841இல் மீன் வணிகரிடையே அவ்வழக்கம் இருந்திருக்க வழியில்லை. நம் பள்ளிகளிலும் ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு. கேட்க இனிமையாக இருக்கும், உண்மையன்று. ‘புதியவை’ என்பதே அச்சொல்லின் பொருள்.

இரண்டாம் கதை: பாஸ்டனின் புகழ்பெற்ற பார்க்கர் ஹவுஸ் விடுதியே இச்சொல்லைப் படைத்ததாம். மறுநாள் படகுகள் எம்மீனைக் கொண்டு வரும் என்பது உணவுப் பட்டியலை முன்கூட்டி எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே எம்மீன் வந்தாலும் பொருந்தக்கூடிய பொதுப்பெயராக ஸ்க்ராட் என்று எழுதி வைத்தார்களாம். இது பொருத்தமான கதைபோலத் தோன்றும். ஆனால் ஹார்வி பார்க்கர் என்பவர் அவ்விடுதியைத் திறந்தது 1855இல். சொல்லோ அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சில் இருந்தது. பிள்ளை பிறந்த பின்னர் வந்தவரைப் பெற்றவர் என்று கூறுதல் தகுமோ?

மூன்றாம் கதை: மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்ற மண்டபத்தில் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள மரத்தாலான காட் மீன் ஒன்று தொங்குகின்றது. அம்மாநிலத்தின் செல்வம் இம்மீனால் விளைந்தது என்பதை நினைவுகூரும் பொருட்டு ஜான் ரோ என்ற வணிகர் 1784இல் அதனைத் தொங்கவிட ஏற்பாடு செய்தார். ‘புனித காட்’ என்று பொருள்படும் பெயரால் அது வழங்குகின்றது. அப்பெயரின் சுருக்கமே ஸ்க்ராட் என்பர். ஓசை ஒப்புமையைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இல்லை.

வாசகர்களே! பொய்க்கதையையும் நாம் முழுவதும் புறக்கணிக்க வேண்டியதில்லை. அது எதை மெய்ப்பிக்க விரும்புகிறது என்று நோக்கினால் பயனுண்டு. பார்க்கர் ஹவுஸ் கதை எதனைக் கூறுகின்றது? ஸ்க்ராட் என்றால் இன்ன மீன் என்ற வரையறை இல்லை. அன்று எது கிடைத்ததோ அதுவே ஸ்க்ராட் என்கிறது. சொல் பிறந்த காலத்தில் இல்லாத இப்பொருள் பின்னாளில் சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஏற்றத்திற்கு நியாயம் தேடவே இக்கதை பயன்பட்டது எனலாம்.

பொருள் தேய்ந்த விதம்

மீனை முழுமையாகக் கண்ணால் கண்டு வாங்கிய காலத்தில் பெயரைப் பற்றிய குழப்பம் அதிகமில்லை. ஹேடக் மீனின் தோள் பகுதியில், பெருவிரலால் அழுத்தி வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி இருக்கும்; பக்கவாட்டில் ஓடும் கோடும் கறுப்பு. காட் மீனில் அக்கோடு வெளிறியது. மோவாயில் ஒரு சிறு தாடி தொங்கும். குடும்பத் தலைவி ஒருத்தி இவற்றைக் கண்ட அளவில் இன்ன மீன், இன்ன பருவம் என்று சொல்லிவிடுவாள்.

1920களில் இந்நிலை மாறியது. முள்ளும் தோலும் தலையும் நீக்கி, சதையை மட்டும் நீளத் துண்டமாக எடுத்து விற்கும் முறை பாஸ்டன் மீன் துறையில் பரவியது. பாஸ்டனுக்கு வடக்கேயுள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் மீனை விரைவாக உறையவைத்துப் பெட்டியிலிட்டு விற்கும் தொழிலை 1925ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். கடலை ஒருபோதும் கண்டிராத உள்நாட்டு ஊர்களுக்கும் மீன் சென்றது. இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்குபவரின் கண்ணுக்குத் தலையும் இல்லை, தோலும் இல்லை, கரும்புள்ளியும் இல்லை. வெண்மையான துண்டம் ஒன்றும், அதன்மேல் ஒட்டிய பெயர் ஒன்றும் மட்டுமே எஞ்சின. பார்வை செய்த வேலையைப் பெயர் செய்ய வேண்டியதாயிற்று. அப்பெயர் பல மீன்களுக்குப் பொதுவானதாகவும் இருந்துவிட்டால் வாங்குபவர் என் செய்வார்?

அதே காலத்தில் கடலிலும் ஒரு கேடு நிகழ்ந்தது. துண்டத்திற்கு ஏற்ற மீன் ஹேடக் என்பதால் அதனைத் தேடி இழுவலைக் கப்பல்கள் பெருகின. 1929இல் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பிடிக்கப்பட்ட ஹேடக் ஏறத்தாழ 1,20,000 டன். சிறு கண்களையுடைய வலைகள் இளமீனையும் தாய்மீனையும் ஒருசேர வாரின. துண்டமாக்குவதற்குப் போதாத குஞ்சுகளை இறந்த நிலையில் கடலிலேயே எறிந்தனர். 1930ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்த அறிஞர்கள் கண்ட கணக்கு திகைக்க வைப்பது. அவ்வாண்டு பாஸ்டனில் இறக்கப்பட்ட ஹேடக் 3 கோடியே 70 இலட்சம். இறந்தபடி கடலில் எறியப்பட்ட குஞ்சுகளோ 7 கோடி முதல் 9 கோடி வரை. ஒன்றை உண்பதற்காக ஏறத்தாழ இரண்டினை வீணாக்கியிருக்கின்றனர். 1934இல் பிடிபட்ட அளவு 28,000 டன்னாகச் சுருங்கியது. வலைக் கண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்ற ஆலோசனை அந்நாளிலேயே எழுந்தது.

இளமீனை உண்பதே இக்கேட்டிற்குக் காரணம் என்று நான் கூறவில்லை. துறைமுகத்திற்கு வந்து, பெயர் பெற்று, விலை பெற்று, ஒரு குடும்பத்தின் உணவான மீன் வீணாகவில்லை. பெயரும் பெறாது, கணக்கிலும் ஏறாது மடிந்தவையே அழிவை உணர்த்துகின்றன. ஒரு தாய் காட் இலட்சக்கணக்கான முட்டைகளை இடவல்லது. அப்பருவத்தை எட்டுவதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். எட்டுமுன் வாரியெடுத்தால் மறு தலைமுறை ஏது?

பின்னாளில் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். 1960களில் அயல்நாட்டுப் பெருங்கப்பல்கள் அக்கடலில் வந்து குவிந்தன. 1976இல் அமெரிக்கா சட்டம் இயற்றிக் கரையிலிருந்து 200 மைல் வரையுள்ள மீன்வளத்தைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அயலார் விலகினர், உள்நாட்டுக் கப்பல்கள் பெருகின, மீன் பெருகவில்லை. வடக்கே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992இல் காட் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் தொழிலிழந்தனர். 2024இல்தான் அத்தடை வரம்புகளுடன் நீக்கப்பட்டது. பாஸ்டன் மீனவர்களின் பெருங்களமான ஜார்ஜஸ் திட்டிலும் 1994இல் பெரும்பகுதிகள் மூடப்பட்டன. ஹேடக் இனம் 2000க்குப் பின் நன்கு மீண்டது. நியூ இங்கிலாந்துக் காட் இன்றளவும் மீளவில்லை. இன்று பாஸ்டனில் விற்கப்படும் காட் மீனின் பெரும்பகுதி ஐஸ்லாந்து, நார்வே முதலிய நாடுகளின் கடலிலிருந்து வருவதே. சட்டமன்றத்தில் மரமீன் தொங்குகின்றது. உணவுப் பட்டியலில் ஸ்க்ராட் நிற்கின்றது. அவற்றிற்குரிய மீனோ அருகிவிட்டது.

பெயரும் பொருளும் பிரிந்தால்

இன்று ஸ்க்ராட் என்ற பெயரில் தட்டில் வருவது இளங்காட் ஆகவும் இருக்கலாம்; ஹேடக், பொல்லாக், ஹேக் ஆகவும் இருக்கலாம். இளமீனாக இருத்தலும் கட்டாயமில்லை. பெரிய மீனின் துண்டமும் அப்பெயரால் விற்கப்படுவதுண்டு. பிளந்து உப்பிடும் பழைய பக்குவமும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இனம், பருவம், பக்குவம் என்னும் மூன்றும் நீங்கி, ‘வெண்சதை மீன் ஏதோ ஒன்று’ என்னும் அளவில் சொல் மெலிந்து நிற்கின்றது.

‘அதனால் என்ன? மீன் மீன்தானே’ என்பார் உளர். அவர்கள் இதனையும் கேட்கட்டும். 2011இல் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் அம்மாநிலத்தின் உணவகங்கள், அங்காடிகள், மீன் கடைகள் என 134 இடங்களில் மீன் வாங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. சோதித்த 183 மாதிரிகளில் 87 வேறு மீனின் பெயரால் விற்கப்பட்டவை. அதாவது ஏறத்தாழப் பாதி. கடல்வளக் காப்பு அமைப்பான ‘ஓசியானா’ 2010 முதல் 2012 வரை அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 1,215 மாதிரிகளைச் சோதித்து, மூன்றில் ஒரு பங்கு தவறான பெயர் தாங்கியவை என 2013இல் வெளியிட்டது. மலிவான மீன் உயர்ந்த மீனின் விலைக்கு விற்கப்பட்டது. வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடிய எஸ்கோலார் என்னும் எண்ணெய் மீனும் ‘வெள்ளைச் சூரை’ என்ற பெயரில் பரிமாறப்பட்டது. பெயர் பொய்த்தால் பணமும் போகின்றது, உடல்நலமும் போகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தல் நீதியன்று. ஹேக் மீனைக் காட் என்று கூறி விற்பது பொய். ஸ்க்ராட் என்று கூறி விற்பது பொய்யன்று. ஏனெனில் அச்சொல் இன்று எதனையும் உறுதியாகக் கூறுவதில்லை. ஆனால் கூற வேண்டியதைக் கூறாமல் விடுவதற்கு அது இடமளிக்கின்றது. நேர்மையான வணிகர், ‘இன்று எங்கள் ஸ்க்ராட் ஹேடக் மீன்’ என்று தாமே எழுதி வைத்துவிடுவார். அவ்வாறு எழுதும் உணவகங்களும் அந்நகரில் உள்ளன. அக்கறையற்றவருக்கோ அச்சொல் ஒரு திரையாகிவிடும்.

வணிக ஒழுக்கம் பற்றிய இவ்விடத்தில் மார்க்கம் நமக்குக் கற்பித்திருப்பதை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. அங்காடியில் குவித்து வைத்திருந்த தானியத்தினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். அவ்வணிகர் தானியத்தின் பெயரை மாற்றிக் கூறவில்லை. எடையிலும் குறைவு செய்யவில்லை. வாங்குபவர் அறிய வேண்டியது அடியில் மறைந்திருந்தது, குற்றம் அவ்வளவே. விற்பனைக்குரிய பொருள் இன்னது என இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹ் நூல்கள் வலியுறுத்துவதும் இதன் பொருட்டே.

இல்லத்தரசிகளுக்குச் சில குறிப்புகள்

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு எழுதும்போதும் பேசும்போதும் தாய்மார்கள் சொல்லத் தகுந்த சிலவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

ஸ்க்ராட் என்று எழுதியிருந்தால், ‘இன்று எம்மீன்?’ என்று தயங்காமல் கேட்க வேண்டும். எங்கே பிடித்தது, உறையவைத்ததா, புதியதா என்பவற்றையும் கேட்கலாம். அமெரிக்காவின் பெரிய அங்காடிகளில் மீன் எந்நாட்டைச் சார்ந்தது, கடலில் பிடித்ததா, வளர்த்ததா என எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. உணவகங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கே நாவே நமக்குத் துணை. ஹேடக் துண்டத்தைத் தோலுடன் விற்பது நியூ இங்கிலாந்தின் பழைய வழக்கம். தோலில் கருங்கோடு தென்பட்டால் ஐயம் தீரும்.

மீன் எவ்வினமாயினும் உண்பதற்குத் தடையில்லை. காட், ஹேடக் முதலிய மீன்களை எல்லா மத்ஹபுகளும் ஆகுமானவை என்றே கூறும். ஆனால் பக்குவத்தில் எச்சரிக்கை வேண்டும். சில உணவகங்களில் இம்மீனை வேகவைக்கும்போது வெள்ளை ஒயின் எனப்படும் மதுவை ஊற்றுவர். மாவில் தோய்த்துப் பொரிப்பவர் பீர் கலப்பதும் உண்டு. பெயரில் இவை வெளிப்படுவதில்லை. கேட்டறிதலே வழி.

இல்லத்தில் சமைப்பதாயின் மிக எளிது. நால்வருக்கு முக்கால் கிலோ அளவுள்ள வெண்சதை மீன் துண்டங்கள் போதும். ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி, எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்ப வேண்டும். உருக்கிய வெண்ணெயில் புரட்டிய ரொட்டித் தூளை மேலே தூவி, 200 பாகை செல்சியஸ் சூட்டில் அடுப்பினுள் வைக்க வேண்டும். ஓர் அங்குலக் கனமுள்ள துண்டம் 12 முதல் 15 நிமிடங்களில் வெந்துவிடும். கண்ணாடிபோல் இருந்த சதை பால்வெண்மையாகி, முள்கரண்டி பட்டதும் மடலாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். அதற்கு மேலும் வைத்திருந்தால் வறண்டு போகும். நம் நாவிற்குக் காரம் வேண்டும் என்பவர் பூண்டும் மிளகாய்த்தூளும் சேர்த்துக்கொள்வதை எந்தப் பாஸ்டன்வாசியும் தடுக்க மாட்டார்.

அன்பர்களே! ஒரு சொல் பொருளை இழப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. கேட்பவர் கேளாமல் இருந்தார். சொல்பவர் சொல்லாமல் விட்டார். நூறாண்டில் சொல் வெறுங்கூடாயிற்று. அதற்குப் பொருளை மீட்டுத் தருவதும் நம்போன்ற சாமானியரின் கையிலேயே உள்ளது. ‘இது எம்மீன்?’ என்று வாடிக்கையாளர் நாள்தோறும் கேட்கத் தொடங்கினால், விடையை அறிந்து வைத்திருப்பது கடைக்காரருக்குக் கடமையாகிவிடும். அடுத்த முறை அங்காடிக்குச் செல்லும்போது, மீனாயினும் எண்ணெயாயினும் தேயிலையாயினும், உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று அக்கேள்வியை மரியாதையுடன் கேட்கப் பழக்குங்கள்.

வேறொரு சொல்லோடு அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.